தங்க நகையில் ஹால்மார்க்: கடையை விட்டு வெளியே வருவதற்குள் சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

தங்கத்தின் தரம் குறைவாக இருந்தால் அது வாங்கும் அன்று கண்ணுக்குத் தெரியாது. 22 காரட் வளையலும் 20 காரட் வளையலும் கடை வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் மின்னும். வருடங்கள் கழித்து, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அடகு வைக்கப் போகும்போதுதான் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிவிட்டு, "இது 916 இல்லையேம்மா" என்பார். பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் விஷயம் தெரிய வரும். அன்றைக்கு விற்ற கடை இருக்குமோ இருக்காதோ, பில் இருக்குமோ இருக்காதோ.

இந்த நிலை யாருக்கும் வரத் தேவையில்லை. இந்தியாவில் இன்று விற்கும் ஒவ்வொரு ஹால்மார்க் நகைக்கும், அதாவது தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரை பதித்த நகைக்கும், தனி எண் உண்டு. அதை வாங்குகிறவரே கைபேசியில் சரிபார்க்கலாம். ஆனால் கடைக்குப் போகும் பலர் டிசைனுக்கும் சேதாரத்துக்கும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், முத்திரையைப் பார்ப்பதில்லை. "ஹால்மார்க் தானே?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், கடைக்காரர் "ஆமாம்" என்பார், அதோடு முடிந்தது. அந்த "ஆமாம்" உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது, பார்த்து சரியில்லை என்றால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

சுத்தத் தங்கம் 24 காரட். அது மென்மையானது, நகையாகச் செய்தால் சீக்கிரம் வளையும், தேயும். அதனால் செம்பு, வெள்ளி போன்றவற்றைக் கலக்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு. அதுதான் நாம் சொல்லும் 916. 18 காரட் என்றால் 750, 14 காரட் என்றால் 585. இவற்றோடு 20 காரட் (833), 23 காரட் (958), 24 காரட் (995) ஆகியவற்றுக்கும் ஹால்மார்க் உண்டு. 2025 ஜூலையிலிருந்து 9 காரட்டும் (375) அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

இப்போது 5 சவரன், அதாவது 40 கிராம் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 916 தரத்தில் அதற்குள் 36.64 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். அதுவே 880 தரத்தில் இருந்தால் 35.20 கிராம்தான். வித்தியாசம் 1.44 கிராம். கணக்கு எளிதாக இருக்க சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14,400 ரூபாய் போய்விட்டது. அந்த வித்தியாசத்தை அணிந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 18 காரட் நகையை 22 என்று விற்றுவிட்டால் இழப்பு 6.64 கிராம், அதாவது 66,400 ரூபாய். ஒரு குடும்பம் பல மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமாக இருக்கும் அது.

பேரம் பேசிச் சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைத்தால் நமக்குச் சந்தோஷம். இந்த 40 கிராமில் அந்த ஒரு சதவீதம் 0.4 கிராம். தரத்தில் நழுவும் 1.44 கிராமோடு ஒப்பிட்டால் எதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது தெரியும்.

முத்திரை எப்படிக் கிடைக்கிறது

நகைக்கடை தானாக ஹால்மார்க் குத்த முடியாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கடை பிஐஎஸ் எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நகையை அந்த அமைவனம் அங்கீகரித்த பரிசோதனை மையத்துக்கு அனுப்ப வேண்டும். சோதித்து முத்திரை பதிப்பது மையத்தின் வேலை. செய்தவர், விற்பவர், சோதிப்பவர் மூவரும் ஒரே ஆள் இல்லை என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பலமே இருக்கிறது.

மையத்துக்கு வரும் நகைகள் முதலில் எக்ஸ்ரே கதிரை வைத்துத் தரம் அளக்கும் இயந்திரத்தில் போகும். நகைக்கடையில் காரட் மீட்டர் என்று சொல்கிறார்களே, அதே வகைதான். நகைக்குச் சேதம் இல்லாமல், சில நிமிடங்களில் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று காட்டிவிடும். ஆனால் அது பார்ப்பது மேல்பரப்பை மட்டும். மேலே கெட்டியாகத் தங்க முலாம் பூசி உள்ளே வேறு இருந்தால் ஏமாறக்கூடும். அதனால் ஒரு தொகுதியில் சில நகைகளிலிருந்து மாதிரி எடுத்து நெருப்புச் சோதனையும் செய்வார்கள்.

இந்த நெருப்புச் சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. நூற்றாண்டுகளாக இருக்கும் முறை இது, இன்றும் தங்கத்தின் தரத்தில் இறுதித் தீர்ப்பு இதனுடையதுதான். நகையிலிருந்து சுரண்டியோ வெட்டியோ எடுத்த சிறு துணுக்கை மிகத் துல்லியமாக எடை போடுவார்கள். அதோடு தங்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, நுண்துளைகள் உள்ள சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் விடுவார்கள். ஈயம் உருகி ஆக்சைடாக மாறும்போது செம்பு, துத்தநாகம் போன்ற கலப்புகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் மட்டும் கலந்த சிறு மணி. அதைத் தட்டி, தகடாக்கி, சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விட்டால் வெள்ளி முழுவதும் கரைந்துவிடும். தங்கம் அசையாது. மிச்சமிருக்கும் சுருளைச் சூடாக்கி எடை போட்டு, முதல் எடையால் வகுத்தால் தரம் கிடைத்துவிடும். முதலில் எதற்கு வெள்ளி சேர்க்கிறார்கள் என்று தோன்றலாம். தங்கம் அதிகமாக இருந்தால் அமிலம் உள்ளே இருக்கும் வெள்ளியை எட்டாது. தங்கத்தின் பங்கைக் குறைத்தால்தான் அமிலம் உள்ளே போய் வெள்ளியை முழுவதுமாக வெளியே எடுக்கும்.

இந்தியத் தரப்படி இதில் கீழ்நோக்கிச் சலுகை கிடையாது. 916 என்று முத்திரை வேண்டுமானால் 916 இருக்க வேண்டும். 914 வந்தாலும் 22 காரட் முத்திரை கிடைக்காது. நகையின் பற்றவைப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். தகடும் கம்பியும் 916 ஆக இருந்து பற்றவைப்பில் தரம் குறைந்தால் மொத்தத் தரமும் இறங்கிவிடும்.

தேறிய நகையில் லேசரால் முத்திரை பதித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணைக் கணினி ஒதுக்கும். இதற்கான கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. நகை 3 கிராமானாலும் 80 கிராமானாலும் இதே தொகைதான். ஹால்மார்க் போட்டதால் கிராமுக்கு இவ்வளவு கூடுதல் என்று எந்தக் கடையாவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 1: நகையைத் திருப்பிப் பாருங்கள்

பிடித்த நகையைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். பில் போடச் சொல்வதற்கு முன் நகையைக் கையில் வாங்கி முத்திரையைத் தேடுங்கள். மோதிரம், வளையல் என்றால் உள்பக்கம். சங்கிலி என்றால் கொக்கி அருகில். தோடு, ஜிமிக்கி என்றால் பின்பக்கம். எழுத்து மிகப் பொடியாக இருக்கும், வெறும் கண்ணில் படிப்பது கஷ்டம். லென்ஸ் கேளுங்கள். பதிவு பெற்ற கடையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டால் சங்கடப்பட எதுவும் இல்லை.

மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். முக்கோண வடிவ பிஐஎஸ் சின்னம் ஒன்று. 22 என்ற எண், கே என்ற ஆங்கில எழுத்து, 916 என்ற எண் மூன்றும் சேர்ந்த தரக் குறியீடு இரண்டாவது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு மூன்றாவது. இந்தக் கடைசிக் குறியீட்டைத்தான் ஹெச்யூஐடி என்கிறோம்.

மிக முக்கியமான ஒன்று: நகையில் வெறும் "916" மட்டும் குத்தியிருந்தால் அது ஹால்மார்க் அல்ல. எந்தப் பட்டறையிலும் எண் அச்சு வைத்துத் தட்டிவிடலாம். கடையின் பெயர்ச் சுருக்கமும் 916-ம் சேர்ந்திருந்தாலும் அதே கதைதான். சின்னமும் ஆறு இலக்கக் குறியீடும் இல்லாத 916-க்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்றே பொருள்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது, வீட்டில் இருக்கும் பழைய நகையோடு ஒப்பிட்டுக் குழம்பாமல் இருக்கலாம். தங்க நகைக்கு ஹால்மார்க் 2000-ல் தொடங்கியது, அப்போது விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். 2021 ஜூனில் நாட்டின் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆனது, பிறகு படிப்படியாக மேலும் பல மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2021 ஜூலையில் ஆறு இலக்கக் குறியீடு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அதற்கு முந்தைய நகைகளில் பிஐஎஸ் சின்னம், தரம், சோதனை மையத்தின் அடையாளம், கடையின் அடையாளம் என்று நான்கு இருக்கும். 2017-க்கு முன்பு என்றால் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்து ஐந்து. உங்கள் பீரோவில் இருக்கும் அந்தப் பழைய ஹால்மார்க் செல்லாததாகிவிடவில்லை. புதிதாக வாங்கும்போது மட்டும் ஆறு இலக்கக் குறியீடு இல்லாமல் வாங்கக் கூடாது.

படி 2: கடையிலேயே ஆப்பைத் திறந்து பாருங்கள்

பிஐஎஸ் கேர் என்ற பெயரில் அரசின் ஆப் இருக்கிறது, இலவசம். கடைக்குப் போவதற்கு முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஹெச்யூஐடி சரிபார்க்கும் பகுதியில் ஆறு எழுத்தையும் தட்டினால் நகையை மையத்துக்கு அனுப்பியவரின் பதிவு விவரம், சோதித்த மையம், எந்த நாளில் முத்திரை பதித்தார்கள், என்ன வகை நகை, என்ன தரம் என்று வரும்.

இங்கே பலர் செய்யும் அவசரம், ஏதோ விவரம் வந்துவிட்டதே என்று திருப்தியோடு மூடிவிடுவது. எண் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் அது வேறொரு நகையின் எண்ணாக இருந்தால்? ஒரு நல்ல நகையின் குறியீட்டைப் பார்த்துப் பத்து போலி நகைகளில் பொறிப்பது திருடர்களுக்குக் கஷ்டமான வேலை இல்லை. அதனால் வரும் விவரத்தைக் கையில் இருக்கும் பொருளோடு ஒப்பிடுங்கள். கையில் இருப்பது சங்கிலி, ஆப் மோதிரம் என்கிறதா? வாங்க வேண்டாம். நகையில் 22 காரட், ஆப்பில் 18 காரட்டா? வாங்க வேண்டாம். ஒரே டிசைனில் இரண்டு உருப்படி எடுத்து, இரண்டிலும் ஒரே குறியீடு இருந்தால் அதையும் கேட்டு நிறுத்துங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பதற வேண்டாம். ஆப் காட்டும் பெயர் நீங்கள் நிற்கும் கடையின் பெயராக இல்லாமல் இருக்கலாம். கோவையிலோ மும்பையிலோ நகை செய்து மொத்தமாக விற்கும் நிறுவனமே முத்திரைக்கு அனுப்பியிருந்தால் அதன் விவரம்தான் வரும். இதில் தவறில்லை. பொருளின் வகையும் தரமும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

அட்சய திருதியை, தீபாவளி நாட்களில் இதைச் செய்வது கஷ்டம்தான். தி.நகரில் நிற்க இடம் இருக்காது, பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள், விற்பனையாளர் அவசரப்படுத்துவார். என் கருத்தில், பெரிய தொகைக்கு வாங்குவதாக இருந்தால் அந்த நாட்களில் போகாமல் இருப்பதே நல்லது. நல்ல நாளில்தான் வாங்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் முந்தைய வாரமே போய் நகையைப் பார்த்து, குறியீட்டைச் சரிபார்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய்ப் பணம் கட்டினால் போதும், ஆனால் கையில் தரும்போது அதே குறியீடுதானா என்று மறுபடி ஒரு முறை பாருங்கள்.

படி 3: தரமும் விலையும் ஒத்துப்போகிறதா

தங்கம் விலை ஏற ஏற 18 காரட் நகைகள் நம் ஊர்க் கடைகளிலும் அதிகம் வருகின்றன. வைரம் பதித்தவை, எடை குறைந்த நவீன டிசைன்கள் பெரும்பாலும் 18 அல்லது 14 காரட். அவற்றில் குறை ஒன்றும் இல்லை, சொல்லி விற்றால் நேர்மையான பொருள்தான். கல்லைப் பிடித்து நிறுத்த 18 காரட் உறுதியானதும்கூட. ஆனால் விலை அந்தத் தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 18 காரட்டின் கிராம் விலை 22 காரட் விலையில் சுமார் 82 சதவீதம் வர வேண்டும். 14 காரட் சுமார் 64 சதவீதம், 9 காரட் சுமார் 41 சதவீதம். பலகையில் 22 காரட் விலையை மட்டும் பார்த்துவிட்டு, கையில் இருப்பதற்கு எந்த விலை போடுகிறார்கள் என்று கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

படி 4: ஹால்மார்க் சொல்லாத விஷயங்களையும் கேளுங்கள்

ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான் சாட்சி. எடைக்கு, கல்லுக்கு, செய்கூலிக்கு, சேதாரத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தரவில்லை. "ஹால்மார்க் நகை, அதனால் விலை அதிகம்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அதில் அதிகமாக இருப்பது சேதாரம், ஹால்மார்க் இல்லை.

மொத்த எடை வேறு, நிகர எடை வேறு. கல் அட்டிகை மொத்தம் 32 கிராம், அதில் கல்லும் அரக்கும் 5 கிராம் என்றால் தங்கம் 27 கிராம்தான். தங்க விலையும் சேதாரமும் அந்த 27-க்குத்தான் வர வேண்டும். கருகமணி, முத்து, பவளம், எனாமல் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. விற்கப் போகும் அன்று சாதாரணக் கல்லுக்கு யாரும் காசு தர மாட்டார்கள், கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். வாங்கும் அன்றே கழிக்கச் சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது.

சேதாரம் சதவீதத்தில் சொல்லப்படுவதால் சின்னதாகத் தோன்றும். 40 கிராமுக்கு 10 சதவீதம் என்றால் 4 கிராம் தங்கத்தின் விலை, அரை சவரன். திரும்ப விற்கும்போது இதில் ஒரு ரூபாயும் வராது. முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர்கள் வேலைப்பாடு குறைந்த நகையாகப் பார்ப்பது நல்லது.

படி 5: பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்

பில்லில் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக விவரம், நிகர எடை, காரட்டிலும் ஆயிரத்திலும் தரம், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். கூடவே ஹெச்யூஐடி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், நாளைக்கு எந்த நகைக்கு எந்த பில் என்ற தகராறே வராது. "கோல்டு ஆர்னமென்ட்ஸ் – 48 கிராம்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள்.

"பில் போடாமல் தருகிறேன், ஜிஎஸ்டி மிச்சம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். 4 லட்சம் ரூபாய் நகைக்கு 3 சதவீதம் 12,000 ரூபாய், ஆசை வரக்கூடிய தொகைதான். ஆனால் பில் இல்லை என்றால் அந்த நகையை அந்தக் கடையில் வாங்கினோம் என்பதற்கே ஆதாரம் இல்லை. கீழே சொல்லப்போகும் இழப்பீட்டு உரிமை முழுவதும் போய்விடும். எடைச் சீட்டு, எஸ்டிமேட் சீட்டு என்று தரும் துண்டுக் காகிதம் பில் ஆகாது.

பில்லை ஒரு படம் எடுத்து, நகையின் முத்திரையையும் லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்து, இரண்டையும் பத்திரமாகச் சேமித்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் காகிதம் சில வருடங்களில் வெளுத்துவிடும். நகை பல பத்தாண்டு இருக்கும்.

கட்டாயம் இல்லாத நகைகள்

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, குழந்தையின் சின்ன மோதிரம், பல தாலி உருப்படிகள் இதில் வந்துவிடும். குந்தன், போல்கி, ஜடாவ் என்ற வடநாட்டுக் கல் பதிக்கும் வேலைப்பாட்டுக்கும் விலக்கு உண்டு. தங்கக் காசும் கட்டியும் அந்தக் கட்டாய உத்தரவுக்கு வெளியே இருக்கின்றன. காசு வாங்கினால் 24 காரட் 995 அல்லது 999 என்ற குறிப்போடு, தயாரித்த சுத்திகரிப்பு நிறுவனத்தின் பெயரோடு, பிரிக்காத உறையில் வாங்குங்கள்.

ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைகளுக்கும் விலக்கு இருக்கிறது. ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரிகள் பலர் இதற்குள்தான் வருவார்கள். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்துக்கு நகை செய்து தரும் ஆசாரிகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவர்களில் பலருடைய நேர்மைக்கு ஊரே சாட்சி. ஆனால் நகையை நாளைக்கு வேறு ஊரில் விற்கப் போகும் மகளுக்கு அந்த நம்பிக்கை உதவாது. பிஐஎஸ் பதிவு இப்போது இலவசம், ஒரு முறை செய்தால் போதும். உங்கள் ஆசாரியிடம் பதிவு செய்யச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் செய்து வாங்கிய நகையை நீங்களே சோதனை மையத்துக்குக் கொண்டு போகலாம்.

வீட்டில் இருக்கும் பழைய நகை

தொண்ணூறுகளில் திருமணம் ஆனவர்களிடம் "கேடிஎம் நகை" நிறைய இருக்கும். கேடிஎம் என்பது தரத்தின் பெயர் அல்ல. அந்த நாளில் பற்றவைக்கத் தங்கத்தோடு காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். அதற்கு முன் செம்பும் வெள்ளியும் அதிகம் கலந்த பொடியால் பற்றவைத்ததில் நகையின் தரம் இறங்கியது. காட்மியம் குறைந்த அளவே போதுமாக இருந்ததால் தரம் நின்றது, அதனால் கேடிஎம் என்றாலே நல்ல நகை என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் சூட்டில் ஆவியாகும் காட்மியம் நச்சு. உலையின் முன் உட்கார்ந்து அந்தப் புகையைச் சுவாசித்த ஆசாரிகளின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அது கெடுத்தது. பிஐஎஸ் இதை ஏற்பதில்லை. இப்போது துத்தநாகம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இன்றைக்கும் யாராவது "கேடிஎம், அதனால் 916" என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். கேடிஎம் நகையில் 22 காரட்டும் இருக்கலாம், 20-ம் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும்.

ஹால்மார்க் இல்லாத பழைய நகையை விற்க முடியாது என்று ஒரு வதந்தி பரவியது. அது தவறு. கட்டாயம் என்பது விற்கும் கடைக்குத்தான். உங்களிடமிருந்து பழைய நகையைக் கடைகள் தாராளமாக வாங்கலாம்.

மாற்றப் போகும்போது ஒன்று செய்யுங்கள். கடைக்குப் போகும் முன் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கொடுத்துத் தரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஒன்றுக்கு 45 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள். மையங்களின் பட்டியல் பிஐஎஸ் இணையதளத்தில் இருக்கிறது. அறிக்கை கையில் இருந்தால், "உருக்கிப் பார்த்தோம், 20 காரட்தான் வந்தது" என்று சொல்லும்போது பேச நம்மிடம் ஒரு தாள் இருக்கும். உருக்குவதாக இருந்தால் உங்கள் கண் முன்னால், உங்கள் சம்மதத்துக்குப் பிறகுதான். உருக்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

வீட்டிலேயே சோதிக்கும் வித்தைகளை நம்ப வேண்டாம். காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் தங்கம் என்பார்கள். செம்பும் வெள்ளியும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. தண்ணீரில் போட்டு அடர்த்தி பார்ப்பதும் உள்ளே கூடான நகைக்கும் கல் பதித்த நகைக்கும் பயன்படாது. உரைகல் அனுபவமுள்ளவர் கையில் நல்ல கருவி, ஆனால் அதுவும் உத்தேசம்தான்.

தரம் குறைவு என்று தெரிந்தால்

ஹால்மார்க் நகையிலேயே சந்தேகம் வந்தால் முத்திரை பதித்த மையத்தைத் தவிர்த்து, அங்கீகாரம் பெற்ற வேறு மையத்தில் சோதியுங்கள். எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். தரம் குறைவு என்று உறுதியானால் பிஐஎஸ் விதிகள் 2018-ன் 49-ஆவது விதி உங்கள் பக்கம் நிற்கிறது. விற்ற எடைக்கு எவ்வளவு தரம் குறைந்ததோ அதன் மதிப்பைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும். மேலே சொன்ன 40 கிராம் சங்கிலியில் 14,400 ரூபாய் குறைந்தது என்றால் இழப்பீடு 28,800 ரூபாய், அதோடு சோதனைக் கட்டணம்.

முதலில் கடையிலேயே அறிக்கையையும் பில்லையும் காட்டி எழுத்தில் கேளுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று அங்கேயே தீர்த்துவைக்க முன்வரும் கடைகள் உண்டு. பதில் இல்லை என்றால் பிஐஎஸ் கேர் ஆப்பிலேயே புகார் பதியலாம். சென்னை தரமணியிலும் கோவையிலும் பிஐஎஸ் அலுவலகம் இருக்கிறது, நேரிலும் எழுதிக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஹால்மார்க் விதிகளை மீறும் கடைக்கு பிஐஎஸ் சட்டம் 2016-ன்படி ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

புகாரோடு பில் நகல், முத்திரையின் படம், ஆப்பில் வந்த விவரத்தின் ஸ்கிரீன்ஷாட், சோதனை அறிக்கை நான்கையும் இணையுங்கள். நகையை மட்டும் புகார் முடியும்வரை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் "கொடுங்கள், சரிசெய்து தருகிறேன்" என்று கேட்டாலும், எடை, குறியீடு, தேதி எழுதிய கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம்.